ஞாயிற்றுக்கிழமை அளவு

செலின் மேடம் போய்விட்டார் என்று சென்னையில் எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே, எங்கோ டெல்டாவில் ஒரு கால்வாய்க் கரையில் அது பாதி தெரிந்துவிட்டது. புதன்கிழமை, காலை ஏழே கால் இருக்கும். நங்கநல்லூரில் என் அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கால்வாயின் நடு ஷட்டரில் இருக்கும் லஸ்கர். மதகுக் கதவான ஷட்டரைத் திறந்து மூடித் தண்ணீர் அளவு பார்க்கும் ஊழியரை அங்கே லஸ்கர் என்றுதான் சொல்வார்கள்.

"சார், செலினம்மா இன்னைக்குக் கூப்பிடலையே. லீவா?"

"எனக்குத் தெரியாதுங்க. ஆபீஸ் போய்ப் பாத்துச் சொல்றேன்" என்று வைத்தேன். வைத்த கையோடு இன்னொருவர். எட்டு மணிக்குள் ஐந்து பேர். யாருக்கும் அளவு சொல்லும் அவசரம் இல்லை. அந்த அம்மா ஏன் கூப்பிடவில்லை, அது ஒன்றுதான் கேள்வி. எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். எட்டரைக்கு அவருடைய அக்கா ரெஜினா கூப்பிட்டார். "தம்பி, செலின் காலையில எழுந்திருக்கல" என்றார். நான் முட்டாள் மாதிரி, "டாக்டரைக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

கூப்பிட்ட ஐந்து பேருக்கும், கூப்பிடாத இரண்டு பேருக்கும் நான்தான் திருப்பிச் சொன்னேன். தலைப்பு மதகில், அதாவது ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் நுழையும் இடத்தில், மாணிக்கம் என்றொரு லஸ்கர். அவர் மட்டும் போனை வைக்கவே இல்லை. பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம், அவருடைய நல்ல குணங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். தயவுசெய்து வெட்டாதீர்கள். முக்கியமாகக் கடைசிப் பக்கத்தை.

புதிதாக அலுவலகத்தில் சேர்ந்தவர்களும் சாந்தோம் தேவாலயப் பங்கு மக்களும் படிப்பார்கள் என்பதால் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கால்வாயில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் யாருக்கும் போதாது. அதனால் முறை வைக்கிறார்கள். இந்தக் கிளை வாய்க்காலுக்கு இந்தக் கிழமையிலிருந்து இந்தக் கிழமை வரை திறப்பு, மற்றவர்களுக்கு அடைப்பு. வரும் தண்ணீர் ஒரே அளவாக இருந்தால் இதற்கு ஒரு காலண்டர் போதும். என்னைப் போன்ற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறு ஏறும், இறங்கும். உன் முறை நடக்கும்போது தண்ணீர் பாதியானால் உனக்குக் கிடைப்பது பாதி. மணிக்கணக்கு மட்டும் முழுசாக ஓடிவிடும். இதில் அதிகமாக அடிவாங்குவது கடைமடை, கால்வாய் முடியும் இடத்து வயல்கள். காய்ந்த வாய்க்கால் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கடைமடைக்கு அனுப்பும். ஏறி இறங்கும் தண்ணீருக்குத் தகுந்தபடி இந்த முறையை வாராவாரம் கணக்குப் போட்டுத் தருவது அடையாற்றில் இருக்கும் எங்கள் நிறுவனத்தின் வேலை. கணக்குப் போடும் மென்பொருளை எழுதியது நான். அந்தக் கணக்குக்குள் போகும் எண்களை வாங்கியது செலின் மேடம்.

எப்படி வாங்கினார்? போனில். தினமும் காலை ஆறரைக்குத் தொடங்கி ஏழு ஷட்டர்களுக்கும் கூப்பிடுவார். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் விதிவிலக்கு இல்லை. மூன்று கேள்விகள். அளவு எவ்வளவு, கரை எப்படி இருக்கு, வீட்ல எல்லாரும் எப்படி. மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் போகும். சேர்ந்த புதிதில் நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடம். நான் ஒரு செயலி எழுதினேன். லஸ்கர்கள் எண்ணைத் தட்டினால் நேராகக் கணினிக்கு வந்துவிடும். ஏழு பேரில் இரண்டு பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். அதில் ஒருவர் அதைப் பேரனுக்கு விளையாட என்று நினைத்திருந்தார். தலைப்பு மதகில் கருவி ஒன்று வைத்தோம். மூன்றாம் மாதம் சேற்றில் புதைந்தது. ஆனாலும் நான் விடவில்லை. "மேடம், நாலு நிமிஷத்துல முடிய வேண்டிய வேலை" என்றேன்.

"நாலு நிமிசத்துல அளவு வரும் நைனா. ஆள் வரமாட்டான்" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. வசனம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து அவரோடு பேருந்தில் வர நேர்ந்தது. குளத்தருகே கூட்டம் ஏறியது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்வாய்க்காரர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வருகிறார். "தண்ணி ஏறிச்சா? இன்னும் எவ்ளோ வரும்? நாளைக்குக் காலையில திறந்துடுவீங்கல்ல?" தெருத் தெருவாகக் குழாயில் தண்ணீர் வராத கோடைக்காலம் அது. முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி, "எம்மா, எந்தத் தெருவுக்கு வுடுறாங்க? மந்தைவெளிக்கு எப்ப?" என்று கேட்டார். செலின் மேடம் போனை மூடிக்கொண்டு, "உங்களுக்கு இந்த வாரம் முறை இல்லம்மா. அடுத்த முறை பாத்துச் செய்றேன்" என்றார். பேருந்தே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் நம்பிவிட்டார். இறங்கும்போது கையைப் பிடித்து, "மறந்துடாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம்.

மூன்று வருட எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தேன். கால்வாய்க்குள் நுழையும் தண்ணீர் வாரநாட்களில் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. சனியிலிருந்து ஞாயிறுக்கு மட்டும் அசைவதே இல்லை. வரைபடம் போட்டால் அழகான கோடு. அதற்குக் காரணமும் நானே யோசித்து வைத்திருந்தேன். மேலே அணையில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஞாயிறு விடுமுறை. கதவை யாரும் தொடமாட்டார்கள். எனவே தண்ணீர் சீராக வருகிறது. தலைப்பில் நுழைந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச்சேர ஒன்றரை நாள் ஆகும். இருப்பதில் நம்பகமான தண்ணீரைப் பலவீனமானவனுக்குக் கொடு என்பதுதானே நியாயம்? சனி ஞாயிறில் நுழையும் தண்ணீரைக் கடைமடைக்கு ஒதுக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள்.

செலின் மேடம் கைதட்டவில்லை. "இன்னா நைனா, ஆறு கவர்மெண்ட் உத்தியோகமா பாக்குது? சண்டேன்னா அசையாம உக்காந்துக்கும்னு சொல்றே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"மேடம், டேட்டா சொல்லுது. நான் சொல்லல" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் இரண்டு நாள் கழித்து, அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நான் நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். கிண்டல் இல்லை. "கடைமடைக்கு மட்டும் புதன், வியாழன்ல வர்ற தண்ணியை வெக்க முடியுமா?"

"எதுக்கு?"

"முடியுமா முடியாதா?"

"காரணம் சொல்லுங்க, முடியுமான்னு பாக்குறேன்."

"காரணம் கேக்காம செய்ய மாட்டியா?"

"காரணம் இல்லாம மாத்துறதுக்கு இது என்ன மேடம், வீட்டு ஜன்னல் திரையா?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். எதையோ சொல்ல வந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் போனைப் பார்த்தேன். எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

அவருக்குத் தெரிந்ததும் எனக்கு அப்போது தெரியாததும் இதுதான். மாணிக்கத்துக்குப் பேச்சு வராத, காது கேளாத ஒரு பெண் குழந்தை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறது. பெற்றவர்களைப் பார்க்க விடுவது சனி, ஞாயிறில்தான். மாணிக்கம் சனிக்கிழமை காலை அளவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவார். ஞாயிறு காலை செலின் மேடம் கூப்பிட்டால், விடுதி வாசலில் நின்றுகொண்டு சனிக்கிழமை அளவையே மறுபடி சொல்வார். தலைப்பு மதகில் நின்று யார் போன் பேசினாலும் பின்னால் தண்ணீர் இரைச்சல் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணிக்கத்தின் போனில் பேருந்து ஹாரன் கேட்டது. முதல் மாதமே மேடம் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது கேள்வியில் விஷயத்தையும் வாங்கிவிட்டார். அப்போதெல்லாம் வாரச் சராசரியை வைத்துத்தான் முறை போட்டார்கள். ஏழில் ஒரு நாள் எண் பழசாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எனவே எழுதிக்கொண்டார். என் மென்பொருள் வந்த பிறகுதான் அந்த எண் ஆபத்தானது.

பொங்கல் முடிந்த வாரம். கடைமடையில் சம்பா கதிர் பால்பிடிக்கும் நேரம். அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் தவறினால் கதிர் இருக்கும், அரிசி இருக்காது. செவ்வாய்க்கிழமை காலை கடைமடை லஸ்கர் சேகர் கூப்பிட்டார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, சார் இருக்காரா? சார், எங்க முறை வந்து போயிடுச்சுன்னு சொல்றாங்க. தண்ணிதான் வரல."

சனிக்கிழமை மதியமே ஆற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தலைப்பில் பார்க்க ஆள் இல்லை. ஞாயிறு காலை எங்கள் கணினியில் பழைய அளவே ஏறியது. அதை நம்பி, இவ்வளவு தண்ணீர் வருகிறது, மேலே இருக்கும் ஷட்டர்களிலும் கொஞ்சம் திறக்கலாம் என்று என் மென்பொருள் சொல்லிவிட்டது. திறந்தார்கள். வந்த கொஞ்சத்தையும் வாய்க்கால் குடித்துவிட்டது.

நான் உடனே கணினியைத் திறந்து எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தேன். செலின் மேடம் போனைத் திறந்து தண்ணீர் தேட ஆரம்பித்தார். அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். முறை மாறி மேல் கிளைகளுக்குப் போய்விட்டிருந்தது. அவரவர் முறையிலிருந்து ஆறு ஆறு மணி நேரத்தைக் கைமாற்றாகக் கேட்டார். கணக்கில் அப்படி ஒரு வழியே கிடையாது. மேல் ஷட்டர் லஸ்கர் ஒருவர் கறாராக மறுத்தார். "குடுத்தா இங்க ஆளுங்க என்னை வெட்டிருவாங்கம்மா."

"வெட்டினா நான் வந்து மெழுகுத்திரி ஏத்துறேன். ஆறு மணி நேரம் குடு."

"சிரிக்கிற நேரமாம்மா இது?"

"நான் சிரிக்கல முருகேசா. சேகர் வயல்காட்டுல நின்னுக்கினு கீறான். அடுத்த முறை உனக்கு மொத ஆளா நான் திருப்பி வாங்கித் தரேன். எப்பனா சொல்லி ஏமாத்திக்கீறனா உன்னை?"

"நாலு தரேன்" என்றார் முருகேசன்.

"அஞ்சு."

ஐந்து கிடைத்தது. புதன்கிழமை சாயங்காலம் கடைமடைக்குத் தண்ணீர் போனது. பாதிக்கு மேல் பிழைத்தது. பிழைக்காததும் உண்டு. ஓரத்து வயல்களில் கதிர் வெளுத்துப் பதராக நின்றதைச் சேகர் படம் எடுத்து அனுப்பினார். அதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். மேடம் தன் போனில் வைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய் மதியமே விசாரணைக் கூட்டம். இயக்குநர் நடுவில். கால்வாய்ப் பக்கத்து அதிகாரிகள் திரையில். "மாடல் என்னதான்யா சொல்லிச்சு?" என்று இயக்குநர் கேட்டார்.

"மாடல் சரிதான் சார். உள்ள போன எண் தப்பு. சனிக்கிழமை அளவே ஞாயிறுக்கும் இருக்கு" என்றேன். நிரூபிப்பதற்காக எண்களைத் திறந்தேன்.

"யார் என்டர் பண்ணது?"

"நான்தான் சார்" என்றார் செலின் மேடம். "கை தவறி முந்தின நாள் எண்ணையே போட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

நான் அப்போது எண்களை மேலே நகர்த்திக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு, அதன் சனிக்கிழமை. ஒரே எண். அதற்கு முந்தைய வாரம். ஒரே எண். இன்னும் மேலே. ஒரே எண், ஒரே எண், ஒரே எண். ஒரு விரல் ஒரு வாரம் தவறலாம். மூன்று வருட ஞாயிறும் தவறுமா? என் அழகான கோடு என்னவென்று அந்த நிமிடத்தில் புரிந்தது. முதலாம் ஆண்டு மாணவன் செய்ய வேண்டியதை, எண்களைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பதை, நான் செய்யவே இல்லை. அதோடு, அவர் பொய் சொல்கிறார் என்பதும் புரிந்தது.

மடிக்கணினியை மூடினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

'தரவுப் பதிவில் கவனக்குறைவு' என்று குறிப்பு எழுதினார்கள். மேடம் கீழே கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருடமாக அவர் ஒப்பந்தப் பணியில் இருந்தார். அந்த வருடம்தான் நிரந்தரமாக்கச் சொல்லி அவருடைய ஃபைல் மேலே போயிருந்தது. அது எனக்குத் தெரியும். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் அவரைப் பார்த்தேன். நான் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிறேன், அவர் எதிரே வருகிறார். நின்று பேச முடியாத கூட்டம். கைக்குட்டை விற்பவன் காதுக்குள் கத்துகிறான். ஒரு பாத்திரக்கடைப் படியில் ஒதுங்கி நின்றோம். இரண்டு மாதமாகக் கேட்காததைக் கேட்டேன். "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"மாணிக்கம்னு சொன்னா அன்னிக்கே சஸ்பெண்ட். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு பாத்துக்கினு இருக்கும்."

"என் மாடல் தப்புன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? முறையைக் கம்ப்யூட்டர் போடுது, அதுல தப்பு வராதுன்னு நம்பித்தான் தலைமடைக்காரன் ஷட்டரைத் தொடாம கீறான். அது தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே ஆளாளுக்குத் திறந்துக்குவான். அப்புறம் கடைமடைக்குச் சொட்டு போவாது. நான் தப்புன்னா ஒண்ணும் கெட்டுப்போயிடாது. டைப் அடிக்கிற பொம்பளை, கை தவறிடுச்சு, அவ்ளோதான்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார். இறங்கியவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு நைனா. நீ லேப்டாப்பை மூடினதை நான் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஜூனில் ஃபைல் திரும்பி வந்தது. அந்தக் குறிப்பைச் சுட்டிக்காட்டி, 'தற்போதைக்கு இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல் ஏழு ஷட்டர்களுக்கும் கூப்பிட்டார். அளவு எவ்வளவு, கரை எப்படி, வீட்ல எல்லாரும் எப்படி. முருகேசனுக்கு அந்த ஐந்து மணி நேரத்தையும் திருப்பி வாங்கிக் கொடுத்தார். என்னிடம்தான் வாங்கினார், காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்தத் தை மாதத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எண்கள் மாறத் தொடங்கின. ஏறின, இறங்கின, மற்ற நாட்களைப் போலவே. நான் கவனித்தேன். மென்பொருளை அதற்குத் தகுந்தபடி திருத்தினேன். எப்படி மாறின என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று தெரியும்.

அதற்கான பதிலை, அடக்கத்தன்று அவருடைய வீட்டில்தான் கேட்டேன். சாந்தோமில் அந்தச் சின்னத் தெரு அடைத்துக்கொண்டு ஆட்கள். மீன் மார்க்கெட்டிலிருந்து அப்படியே கூடையோடு வந்த பெண்கள், பங்கின் பாடகர் குழு, எங்கள் அலுவலகம். பந்தலின் ஓரத்தில் வேட்டி கட்டிய நான்கு பேர் யாரோடும் பேசாமல் நின்றார்கள். முகம் தெரியாது, நான் போய் விசாரித்துக் குரலைக் கேட்டதும் தெரிந்தது. கால்வாய்க்காரர்கள். அவர்களும் மேடத்தின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். மாணிக்கம் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "ஞாயித்துக்கிழமை அளவுக்கு மதகுகிட்ட டீக்கடை வெச்சிருக்கற பொண்ணை அம்மாதான் ஏற்பாடு பண்ணுனாங்க சார். போன்லயே ஸ்கேல் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லல. இனிமே ஞாயித்துக்கிழமை நிம்மதியாப் போயிட்டு வான்னு மட்டும் சொன்னாங்க" என்றார். கூட்டத்தில் நடந்ததும் ஃபைல் திரும்பியதும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். மந்தைவெளிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் வரை அவர் என்னை விட்டுத் தள்ளியே நடந்தார். மண் போட்டு முடித்த பிறகு, "எழுதுங்க சார். என் பேரையும் போட்டு எழுதுங்க. எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் சர்வீஸ். வர்றது வரட்டும்" என்றார்.

எழுதும் எண்ணம் எனக்கு அதுவரை இல்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவர் சொன்ன பிறகும் முழுதாக வரவில்லை. அதை வரவழைத்தது ரெஜினா அக்கா. கல்லறையிலிருந்து திரும்பி வந்து எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது சொன்னார். "தம்பி, அவ ரெண்டு வருசமாவே சரியா இல்ல. ஆபீஸ்ல ஏதோ நம்பரைத் தப்பாப் போட்டுட்டாளாம். அதனால யாரோட பயிரோ காஞ்சிடுச்சாம். ஒவ்வொரு தையிலயும் அந்த ஜனங்க பேருக்குப் பூசை வெப்பா. இவ்ளோ படிச்சிட்டு இப்படிக் கவனமில்லாம இருந்துட்டியேடின்னு நான்கூட ஒரு நாள் திட்டிட்டேன்."

வீட்டிலும் அவர் சொல்லவில்லை. அந்தக் காபியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியாது.

ரெஜினா அக்கா, இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். உங்கள் தங்கை எந்த எண்ணையும் தப்பாகப் போடவில்லை. மாணிக்கம் சொன்னதை எழுதினார். அது பழைய எண் என்று தெரிந்து, என்னிடம் இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை கிண்டலாக, ஒரு தடவை நேராக. இரண்டு தடவையும் நான் கேட்கவில்லை. மூன்றாவது தடவை, எல்லாம் தெரிந்த பிறகு, நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பூசை வைத்தது எதற்காக என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டதற்காக இருக்கலாம். அது அவருக்கும் அவருடைய ஆண்டவருக்கும் இடையில். ஆனால் கவனமில்லாமல் இருந்தது அவர் இல்லை. நீங்கள் திட்டியிருக்க வேண்டியது என்னை.

போன வாரம் இயக்குநரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். அந்தக் குறிப்பு தவறு. பிழை என் ஆய்வில். செலின் அவர்களின் ஃபைலில் இருந்து அதை நீக்க வேண்டும். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இப்ப எதுக்குய்யா இது? அவங்களே போயிட்டாங்க. யாருக்கு என்ன பிரயோஜனம்? உன் ரிவ்யூ வேற வருது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். முத்திரை போட்டு ஒரு நகல் கொடுங்கள் சார் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நீக்குவார்களா என்று தெரியாது. நீக்காவிட்டால் மறுபடி கொடுப்பேன்.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், மறைந்தவரிடமிருந்து நான் பெற்றது இன்னது என்று எழுதுவார்கள். பொறுமை, அன்பு, அர்ப்பணிப்பு. அவையெல்லாம் அவரிடம் இருந்தன. எனக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. காலையில் லஸ்கர்களுக்கு இப்போது நான்தான் கூப்பிடுகிறேன். மூன்றாவது கேள்வியை எப்படிக் கேட்பது என்று இன்னும் பிடிபடவில்லை. அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: அவர் இரண்டு வருடம் தன் பெயரில் சுமந்த அந்தப் பிழை. அது அவருடையதே இல்லை. என்னுடையது, வாங்கிக்கொண்டேன்.